ப்ளாக் போட்டதும் வலிப்பு: இன்ட்ராலிபிட் எங்கே இருக்க வேண்டும்?
பியூபிவகெயின் என்ற மரப்பு மருந்தால் நரம்பு ப்ளாக் போட்ட சில நிமிடங்களில் வலிப்பு வந்தது, அந்த மருந்தின் நச்சுத்தன்மைக்குக் கொடுக்கும் வெள்ளைக் கொழுப்புக் கரைசலான இன்ட்ராலிபிட் மருந்தகத்திலிருந்து வரத் தாமதமானது என்று எழுதியிருந்தீர்கள் டாக்டர். இன்ட்ராலிபிட்டை ப்ளாக் போடும் அறையிலேயே வையுங்கள், பூட்டிய அலமாரியில் வேண்டாம். 20 சதவீதக் கரைசல், கிலோவுக்கு 1.5 மில்லி, 70 கிலோ ஆளுக்குச் சுமார் 100 மில்லி, இரண்டு மூன்று நிமிடத்துக்குள். இந்தக் கணக்கைப் பாட்டிலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், பதற்றத்தில் பெருக்கல் வராது. அதற்கு முன்னால் மரப்பு மருந்து ஏற்றுவதை நிறுத்தி, உதவிக்கு ஆளைக் கூப்பிட்டு, ஆக்சிஜன் கொடுங்கள். வலிப்புக்கு மிடாசோலம்.

மயக்க மருந்தான புரோபோஃபாலும் வெள்ளைதானே என்று யாராவது எடுத்து நீட்டுவார்கள். அது மாற்று ஆகாது, பிரஷரை இன்னும் இறக்கிவிடும். இதயம் நின்றால் அஸ்ரா (அமெரிக்க வட்டார மயக்கவியல் சங்கம்) சொல்வது கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மிகாத அட்ரினலின். சிபிஆரைச் சீக்கிரம் விட்டுவிடாதீர்கள்; இதயம் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.