2ய′ + ய = 12 என்ற சமன்பாட்டைத் தீர்க்கத் தொகையீட்டுக் காரணி எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: 2ய′ + ய = 12, ய(0) = 0. தொகையீட்டுக் காரணியை (எளிதாகத் தொகையிடுவதற்காகச் சமன்பாட்டின் இருபக்கமும் பெருக்கும் கோவையை) மனப்பாடம் செய்யாமல் தீர்க்க முடியுமா?

முடியும். பெருக்கலின் வகையிடல் விதி தெரிந்தால் போதும். முதலில் இந்தச் சமன்பாட்டுக்கு ஓர் உருவம் கொடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் மின்கலம், 20 கிலோ ஓம் மின்தடை, 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி மூன்றும் தொடராக இருக்கின்றன. மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கினால் 2 விநாடி. ய′-க்கு முன்னால் நிற்கும் 2 அதுதான். ய என்பது மின்தேக்கியின் மின்னழுத்தம், ந என்பது விநாடியில் நேரம், ய′ என்பது ய-வை ந-வைப் பொறுத்து வகையிட்டால் வருவது. 2.71828… என்ற எண்ணை ஈ என்று எழுதுகிறேன்.

முதல் வேலை, 2 ஆல் வகுத்து ய′-ஐத் தனியாக நிறுத்துவது:

ய′ + ய/2 = 6

இடப்பக்கம் ஒரு பெருக்கலை வகையிட்டு வந்ததுபோல இருக்கிறது, ஆனால் முழுதாக இல்லை. ஈ^(ந/2) · ய என்பதை வகையிட்டுப் பாருங்கள்: ஈ^(ந/2) · ய′ + ½ ஈ^(ந/2) · ய. நம் இடப்பக்கத்தை ஈ^(ந/2) ஆல் பெருக்கினால் இதேதான் கிடைக்கிறது. தொகையீட்டுக் காரணி என்பது இவ்வளவுதான். இனி,

(ஈ^(ந/2) · ய)′ = 6 ஈ^(ந/2)
ஈ^(ந/2) · ய = 12 ஈ^(ந/2) + ம
ய = 12 + ம ஈ^(−ந/2)

ய(0) = 0 என்பதால் ம = −12. விடை: ய = 12(1 − ஈ^(−ந/2)). 2 விநாடியில் 7.59 வோல்ட், 10 விநாடியில் 11.92 வோல்ட்.

மாறிலி ம-வைத் தொகையிட்ட அந்த வரியிலேயே எழுதிவிட வேண்டும். கடைசியில் நினைவு வந்து ய = 12 + ம என்று ஒட்டினால் ம = −12, ய எப்போதும் 0. சமன்பாட்டில் போட்டால் 0 = 12 என்று வந்து நிற்கும். இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும்.

தெரியாமல் ஒளிந்துகொள்ளும் பிழை வேறு. 2 ஆல் வகுக்க மறந்து, காரணியை ஈ^ந என்று எடுத்துக்கொண்டு (ஈ^ந · ய)′ = 12 ஈ^ந என்று எழுதிவிடுவது. அப்போது ய = 12(1 − ஈ^(−ந)) என்று வரும். இதுவும் 0-வில் தொடங்குகிறது, 12-ஐ நெருங்குகிறது, வரைபடமும் பார்க்கச் சரியாகவே இருக்கும். ஆனால் 2 விநாடியில் 10.38 வோல்ட் காட்டும். மின்தேக்கி இரு மடங்கு வேகத்தில் நிரம்புவதாகக் கணக்கு சொல்கிறது. இதைப் பிடிக்கத் தொடக்கச் சாய்வைப் பார்த்தால் போதும். ந = 0-வில் ய = 0, எனவே சமன்பாட்டின்படி ய′(0) = 6. தவறான விடையை வகையிட்டால் 12 வருகிறது. எந்தக் கணக்கிலும் இந்த ஒரு சோதனையை விடாதீர்கள், அரை நிமிடம்கூட ஆகாது.

வலப்பக்கம் மாறிலியாக இருப்பதால் மாறிகளைப் பிரித்தும் (ய ஒரு பக்கம், ந மறுபக்கம்) இதைத் தீர்க்கலாம். 1/(12 − ய)-வைத் தொகையிடும்போது வரும் கழித்தல் குறியை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் அடுக்கு +ந/2 ஆகி, மின்னழுத்தம் எல்லையின்றிப் போய்விடும்.

இருந்தாலும் நான் தொகையீட்டுக் காரணியையே பழகச் சொல்வேன். வலப்பக்கம் 12-க்குப் பதில் 12 ஈ^(−ந/2) என்று மாறினால் மாறிகள் பிரியாது. விடை அ · ஈ^(−ந/2) என்று ஊகித்துப் போட்டாலும் இடப்பக்கம் முழுவதும் அடிபட்டு 0 ஆகிவிடும், அ கிடைக்காது. காரணியால் பெருக்கினாலோ (ஈ^(ந/2) · ய)′ = 6 என்று ஒரே வரியில் வந்துவிடுகிறது. ய(0) = 0 என்பதால் இங்கே ம = 0, எனவே ய = 6ந ஈ^(−ந/2). அந்த ந ஏன் முன்னால் வந்து நிற்கிறது என்பதற்குத் தனி விதி தேவையில்லை. 6-ஐத் தொகையிட்டால் 6ந, அவ்வளவே. மின்னழுத்தம் 2-ஆவது விநாடியில் 4.41 வோல்ட் வரை ஏறி, பிறகு இறங்கத் தொடங்கும்.