பட்ஜெட் எந்த நாளில் நிறைவேறியது?

வணக்கம் தம்பி. இலங்கையின் 2025 வரவு செலவுத் திட்டம் பெப்ரவரி 25இல் நிறைவேறியதாக ஒரு செய்தி, மார்ச் 21 என்று இன்னொன்று, உயர்தர அரசறிவியல் ஒப்படையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். பெப்ரவரி 25இல் நடந்தது இரண்டாம் வாசிப்பு, அதாவது பட்ஜெட்டின் பொதுக் கொள்கை மீதான வாக்கெடுப்பு: ஆதரவு 155, எதிர்ப்பு 46. மற்றது மூன்றாம் வாசிப்பு: 159க்கு 45. இறுதி வாக்கெடுப்பு அதுதான்.

இடையில் நடந்தது குழுநிலை விவாதம். அமைச்சு அமைச்சாக ஒதுக்கீட்டை எடுத்துப் பேசுவார்கள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு காசு என்று உங்கள் உறுப்பினர் எழும்பிக் கேட்கக்கூடிய நாட்கள் அவை. அதைப் பத்திரிகைகள் இன்னும் விரிவாக எழுத வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஒரு விஷயத்தில் கவனம். வாக்கெடுப்பு பட்ஜெட் உரைக்கல்ல, அரசு செலவிட அனுமதி தரும் ஒதுக்கீட்டுச் சட்டமூலத்துக்கு. வரி மாற்றங்களுக்குத் தனிச் சட்டமூலம் வேண்டும். 'ஜனாதிபதி ஒப்புதல்' என்றும் எழுதிவிடாதீர்கள், அது இந்திய நடைமுறை. இங்கே சபாநாயகர் சான்றுரையில் கையெழுத்திட்டதும் சட்டம். ஒதுக்கீட்டுச் சட்டமூலம் வாக்கெடுப்பில் தோற்றால், அரசியலமைப்பின் 48(2) உறுப்புரைப்படி அமைச்சரவை கலைந்துவிடும்.