மெக்சிகோ சிட்டியிலிருந்து ஒரு நாள்: எந்தப் பழைய ஊர், எந்த டூர்?

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். அப்பா, அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். நவம்பரில் நான், மனைவி, அவர்கள் இருவர் என நான்கு பேரும் மெக்சிகோ சிட்டி போகிறோம். அங்கிருக்கும் நான்கு நாளில் ஒன்றை, ஸ்பானியர் காலத்துப் பழைய ஊர்களுக்கு ஒதுக்க ஆசை. ஹோட்டலில் மூன்று டூர்கள் சொல்கிறார்கள்: புவெப்லாவும் சொலூலாவும், தாஸ்கோவும் குவெர்னவாக்காவும், கெரேத்தரோவும் சான் மிகேல் தெ அய்யெந்தேயும். படத்தில் பார்த்தால் மூன்றாவதுதான் அழகாக இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மா சுத்த சைவம். எதை எடுப்பது? கைடு அவசியமா, நாங்களே பஸ்ஸில் போய்விடலாமா?

பதில்: புவெப்லாவும் சொலூலாவும். உங்கள் குடும்பத்துக்கு இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

டூர் விளம்பரங்களில் ஊர்களின் பெயர்தான் பெரிதாக இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது, வேனிலிருந்து இறங்கி நடக்க எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதை. சான் மிகேல் மெக்சிகோ சிட்டியிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர். காலை நெரிசலைத் தாண்டி வெளியேறினாலும் நான்கு மணி நேரம் ஆகும், திரும்பி வரவும் அதே அளவு. நடுவில் கெரேத்தரோவில் ஒரு நிறுத்தம், மதியச் சாப்பாடு. 13 மணி நேர டூர் என்றால் அதில் எட்டு மணி நேரத்துக்கு மேல் சீட்டிலேயே போய்விடும். முழங்கால் வலி உள்ளவருக்கு நடப்பதைவிட இப்படி மடக்கி உட்கார்ந்தே இருப்பது கஷ்டம்.

அந்த இரண்டு ஊர்களும் குறைந்தவை இல்லை. கெரேத்தரோவில் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய, 74 வளைவுகள் கொண்ட கல் நீர்ப்பாலம் இன்னும் நிற்கிறது. மெக்சிகோவை ஆண்ட பேரரசர் மாக்சிமிலியானை 1867இல் சுட்டுக் கொன்ற குன்று அங்கேதான். சான் மிகேலின் இளஞ்சிவப்புத் தேவாலயமும், மெக்சிகோவின் சுதந்திரப் போரில் அந்த ஊருக்கு இருக்கும் பங்கும் நிதானமாகப் பார்க்க வேண்டியவை. அதனால்தான் சொல்கிறேன், இன்னொரு முறை வந்து அங்கே இரண்டு இரவு தங்குங்கள். மாலை வெயில் சாய்ந்த பிறகுதான் சான் மிகேல் தெருக்கள் உயிர் பெறும். ஒரு நாள் டூர்காரர்கள் அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் இருப்பார்கள்.

தாஸ்கோ வெள்ளி ஊர். சுரங்கத்தில் பணம் சேர்த்த ஹோசே தெ லா போர்தா தன் செலவில் எழுப்பிய சாந்தா பிரிஸ்கா தேவாலயம் 1751இல் தொடங்கி 1758இல் முடிந்தது. ஒரே கையில் ஒரே மூச்சில் கட்டியதால் அதில் அபூர்வமான ஓர் ஒருமை இருக்கும். ஆனால் ஊர் முழுக்க மலைச்சரிவு, வழுக்கும் கல் பாவிய செங்குத்துச் சந்துகள். அப்பாவுக்கு ஒத்து வராது. தவிர, தாஸ்கோ இருக்கும் கெரேரோ மாநிலத்தை அமெரிக்க அரசின் பயண எச்சரிக்கைப் பட்டியல் பல ஆண்டுகளாகக் கடைசி நிலையில், அதாவது ‘போகாதீர்கள்’ என்ற நிலையில், வைத்திருக்கிறது. அமெரிக்காவில் எடுத்த பயணக் காப்பீடு இருந்தால், அது அங்கே செல்லுமா என்று படித்துப் பார்க்காமல் யாரும் போக வேண்டாம்.

சரி, புவெப்லாவுக்கு வருவோம். 130 கிலோமீட்டர், நல்ல டோல் சாலை, சுமார் இரண்டு மணி நேரம். மையப் பகுதி பெரும்பாலும் சமதளம். ஸ்பானியர்கள் 1531இல் வெறும் நிலத்தில் கட்டம் போட்டுத் தெரு வகுத்து உருவாக்கிய ஊர் அது, அதனால் தொலையவும் முடியாது. 1987 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

முதலில் சொலூலா பக்கம் போய்விட்டு அப்புறம் புவெப்லாவுக்கு வரும் டூரைத் தேர்ந்தெடுங்கள். நவம்பர் மழை ஓய்ந்த காலம். காலையில் வானம் தெளிவாக இருந்தால் புகைவிடும் போப்போகாத்தேபெட்ல் எரிமலை முழுசாகத் தெரியும். நேரமாக ஆகப் பனிமூட்டம் வந்து மூடிவிடும்.

சொலூலாவில் புல்லும் மரமும் மண்டிய ஒரு குன்று, அதன் உச்சியில் ஒரு மஞ்சள் தேவாலயம். அந்தக் குன்றே ஒரு பிரமிடு. அடித்தளத்தின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 400 மீட்டர். கன அளவில் எகிப்தின் பெரிய பிரமிடையும் மிஞ்சியது. இங்கே பல கைடுகள் ஒரு கதை சொல்வார்கள்: மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸ் பிரமிடை மூடி அதன் தலைமேல் தேவாலயத்தை வைத்தான் என்று. உண்மையில் கோர்த்தேஸ் 1519இல் சொலூலாவுக்கு வந்து பெரும் படுகொலை நடத்தியபோதே அந்தப் பிரமிடு கைவிடப்பட்டு மண்மூடிக் கிடந்தது, தேவாலயம் அதன் பிறகு வந்தது. சொலூலாவில் நாளுக்கு ஒன்றாக 365 தேவாலயங்கள் உண்டு என்பதும் அப்படிப்பட்ட கதைதான். இந்த இரண்டையும் கைடு எப்படிச் சொல்கிறார் என்று கவனித்தால் அவர் படித்தவரா, ஒப்பிப்பவரா என்று அப்போதே தெரிந்துவிடும்.

மேலே ஏறும் பாதை செங்குத்து. அப்பா ஏற வேண்டாம். எரிமலையும் உச்சித் தேவாலயமும் சேர்ந்து தெரியும் காட்சி கீழிருந்தே கிடைக்கும். அந்த நேரத்தை மிச்சம் பிடித்து, பக்கத்திலேயே இருக்கும் சாந்தா மரியா தோனான்சின்ட்லா தேவாலயத்தில் செலவிடச் சொல்லுங்கள். இந்த ஒரு நாளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். வெளியே சாதாரணக் கிராமத்துக் கோயில். உள்ளே சுவரும் கூரையும் தெரியாத அளவுக்குக் குட்டித் தேவதைகள், பழங்கள், இறகுக் கிரீடம் தரித்த பூர்வகுடி முகங்கள். ஸ்பெயினிலிருந்து வந்த மதத்தை உள்ளூர்க் கைவினைஞர்கள் தங்கள் கண்ணால் பார்த்துச் செய்த வேலை அது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அது ஊர்க்காரர்கள் இன்றும் வழிபடும் இடம் என்பதால் அந்தக் கட்டுப்பாட்டை நான் வரவேற்கிறேன். டூர் திட்டத்தில் இந்தப் பெயர் இல்லை என்றால் வேறு டூர் பாருங்கள்.

புவெப்லா நகரில் மூன்று இடங்கள் போதும். சாந்தோ தொமிங்கோ தேவாலயத்தில் இருக்கும் ரொசாரியோ சிற்றாலயம் 1690இல் முடிந்தது. சுவரெல்லாம் சுதை வேலைப்பாட்டின் மேல் தங்க ரேக்கு. அடுத்து பெரிய பேராலயம். அதிலிருந்து சில நிமிட நடையில் பலாஃபோக்சியானா நூலகம். ஆயர் ஹுவான் தெ பலாஃபோக்ஸ் 1646இல் தன்னுடைய ஐயாயிரம் புத்தகங்களைக் கொடுத்து, படிக்கத் தெரிந்த எவரும் வரலாம் என்று திறந்துவிட்ட இடம். அமெரிக்கக் கண்டங்களிலேயே முதல் பொது நூலகமாக இதைக் கருதுகிறார்கள். மூன்று அடுக்கு மர அலமாரிகளைப் பார்த்தபடி அங்கே சும்மா நிற்பதே நிறைவாக இருக்கும். நூலகம் மாடியில் இருக்கிறது, அப்பாவை மெதுவாக அழைத்துப் போங்கள்.

நேரம் இருந்தால், இயேசு சபையாரின் தேவாலயத்தில் கதரீனா தெ சான் ஹுவான் என்ற பெண்ணின் கல்லறையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இவர் இந்தியாவில் பிறந்து, சிறுமியாகக் கடத்தப்பட்டு, கொச்சி, மணிலா வழியாக மெக்சிகோவின் அகப்புல்கோ துறைமுகத்தில் கரையிறக்கப்பட்டு, புவெப்லாவில் அடிமையாக விற்கப்பட்டவர் என்று அவரைப் பற்றிய பழைய குறிப்புகள் சொல்கின்றன. 1688இல் இறந்தபோது ஊரே அவரைப் புனிதராக மதித்தது. ‘சீனா பொப்லானா’ என்ற மெக்சிகோப் பெண்களின் பாரம்பரிய உடையை இவர்தான் கொண்டுவந்தார் என்பார்கள், அது பின்னால் ஒட்டவைத்த கதை. அந்த உடை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் பசிபிக் பெருங்கடலைத் தாண்டி நம் பக்கத்திலிருந்து அந்த ஊர்வரை அடிமை வியாபாரம் நீண்டது என்பது மட்டும் உண்மை. பெரும்பாலான டூர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இப்போது கைடு விஷயம். புவெப்லாவுக்கு நீங்களே போகலாம், அது கஷ்டமில்லை. மெக்சிகோ சிட்டியின் தாபோ பேருந்து நிலையத்திலிருந்து ஆதோ, எஸ்த்ரெயா ரோஹா என்ற இரண்டு நிறுவனங்களின் பஸ்கள் நாள் முழுக்க அடிக்கடி கிளம்பும், வசதியான பஸ்கள். நீங்களும் மனைவியும் மட்டும் என்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன்: பஸ்ஸில் போய், அங்கே அரை நாளுக்கு உள்ளூர் கைடு வைத்துக்கொள்ளுங்கள் என்று. பெற்றோருடன் போகும்போது பேருந்து நிலையம், டாக்ஸி, சொலூலா, தோனான்சின்ட்லா, மறுபடி புவெப்லா என்று ஏறி இறங்குவது அலுப்பு. நான்கு பேருக்குத் தனி வண்டியும் கைடும் எடுத்தால் செலவைப் பங்கு போடும்போது, பலர் சேர்ந்து போகும் வேனைவிட மிகப் பெரிய வித்தியாசம் இருக்காது. விலை கேட்டுப் பாருங்கள். நடுவில் கழிப்பறைக்கு நிறுத்தவும், அப்பா களைத்தால் ஒரு இடத்தை விட்டுவிடவும் தனி வண்டியில்தான் முடியும்.

கூட்டு வேன்தான் என்றால் பணம் கட்டுமுன் சில கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். கைடு ஒரே மொழியில் பேசுவாரா? ஸ்பானிஷில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னால் உங்களுக்குக் கிடைப்பது பாதி விளக்கம்தான். கடை நிறுத்தங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம்? புவெப்லா பாதையில் தலவேரா பீங்கான் கடையும் ஓனிக்ஸ் கல் கடையும் வழக்கம், விற்பனையில் கமிஷன் உண்டு. ஒரு பட்டறையில் சக்கரம் சுற்றுவதையும் தூரிகை வேலையையும் பார்ப்பது நல்ல அனுபவம், இரண்டாவது கடை நேர விரயம். நுழைவுக் கட்டணமும் சாப்பாடும் சேர்ந்ததா? எத்தனை ஹோட்டல்களில் ஆள் ஏற்றுவார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காலையில் ஊரைச் சுற்றி ஆள் ஏற்றுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். கைடிடம் மெக்சிகோ சுற்றுலாத் துறை தந்த, படம் ஒட்டிய அட்டை இருக்க வேண்டும். அதைக் கழுத்தில் மாட்டியிருப்பார், காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

அம்மாவின் சாப்பாடுதான் உண்மையான சவால். அங்கே பலருக்கு ‘இறைச்சி இல்லாமல்’ என்றால் மாடும் பன்றியும் இல்லாமல் என்றுதான் பொருள். சோறு கோழி ரசத்தில் வெந்திருக்கும், பீன்ஸ் பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கும். புவெப்லாவின் பெருமையான மோலே குழம்பிலும் பெரும்பாலும் கோழி ரசம் சேரும். அதனால் இறைச்சியை மட்டும் சொல்லி நிறுத்தாமல் மூன்றையும் சொல்ல வேண்டும்: ‘சின் கார்னே, சின் கால்தோ தெ போயோ, சின் மான்தேகா’. இறைச்சி வேண்டாம், கோழி ரசம் வேண்டாம், பன்றிக் கொழுப்பு வேண்டாம். கைடிடம் இதை ஒரு தாளில் ஸ்பானிஷில் எழுதித் தரச் சொல்லி சாப்பிடும் இடத்தில் காட்டிவிடுங்கள். பூசணிப்பூ அல்லது காளான் வைத்து மடித்த ரொட்டியான கெசதியா, இழை இழையாகப் பிரியும் சீஸும் அவகாடோவும் வைத்த செமீத்தா ரொட்டி ஆகியவற்றைக் கேளுங்கள். எண்ணெயில் செய்ததா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். டூரோடு சேர்ந்த பஃபே சாப்பாட்டைத் தவிர்ப்பது நல்லது, அங்கே எதில் என்ன இருக்கிறது என்று பரிமாறுபவருக்கே தெரியாது. சாந்தா கிளாரா மடத்துப் பக்கத்து இனிப்புக் கடைத் தெருவில் கமோத்தே வாங்கிக் கொடுங்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கில் செய்த மெத்தென்ற இனிப்பு, அம்மாவுக்குப் பிடிக்கும்.

கிழமை முக்கியம். திங்கட்கிழமை பெரும்பாலான அரசு அருங்காட்சியகங்களும் பலாஃபோக்சியானாவும் மூடியிருக்கும். ஞாயிறு காலை தேவாலயங்களில் பூசை நடக்கும், உள்ளே நின்று விளக்கம் சொல்ல விடமாட்டார்கள். ஞாயிறு மாலை ஊர் திரும்பும் கார்களால் நெடுஞ்சாலை நிரம்பிவிடும். புதன் அல்லது வியாழன் எடுங்கள், ஏழு மணிக்குள் கிளம்புங்கள். நவம்பரின் மூன்றாவது திங்கட்கிழமை அங்கே புரட்சி நாள் விடுமுறை. அதை ஒட்டிய நீண்ட வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

புவெப்லா 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர், மெக்சிகோ சிட்டி அதைவிடவும் உயரம். வந்திறங்கிய மறுநாளே இந்தப் பயணத்தை வைக்காமல் மூன்றாம் நாளில் வையுங்கள், பெற்றோருக்கு மூச்சு பழகியிருக்கும். காலையில் ஸ்வெட்டர் வேண்டும், நண்பகலில் தொப்பி வேண்டும். இன்னொன்று: நடப்பில் உள்ள அமெரிக்க விசா இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. அந்த விசா பாஸ்போர்ட்டிலேயே ஒட்டப்பட்டு, காலாவதியாகாமல் இருக்க வேண்டும். உங்கள் வேலை விசாவின் முத்திரையும் திரும்பி வரும் நாள்வரை செல்லுமா என்று டிக்கெட் போடுமுன் பார்த்துவிடுங்கள்.

புவெப்லா நெடுஞ்சாலையில் சில நாள் மறியல் நடக்கும், விபத்தில் மணிக்கணக்கில் நிற்கவும் நேரும். அன்று காலை அப்படிச் செய்தி வந்தால் கைடிடம் வடக்கே திருப்பச் சொல்லுங்கள். சுமார் 40 கிலோமீட்டரில் தெபோட்சோத்லான் இருக்கிறது. இயேசு சபையாரின் பழைய கல்லூரி இப்போது ஸ்பானியர் ஆட்சிக்கால தேசிய அருங்காட்சியகம். அதை ஒட்டிய தேவாலயத்தின் தங்க பீடங்கள் ரொசாரியோ சிற்றாலயத்துக்கு ஈடு கொடுப்பவை. அரை நாளில் பார்த்துவிடலாம், மதியம் அப்பா ஹோட்டலில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம்.