டேப் எடுத்துப் பார்த்தீர்களா? குறுகிய பக்கெட் கேள்வி-பதில்

மினி எக்ஸ்கவேட்டரில் (மண் தோண்டும் சின்ன வண்டி) மாட்டும் குறுகிய பக்கெட் பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம். சிலர் எல்லா விவரமும் எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கே: கேபிள் போட 3 அடி ஆழம் வேண்டும். 1.5 டன் வண்டி. 6 இன்ச் பக்கெட் வாங்கினால் மண் குறையும், வேலையும் சீக்கிரம் முடியும் அல்லவா?

மண் குறையும். 3 அடி இறங்குமா என்பதுதான் சந்தேகம். பக்கெட்டின் அகலத்தைப் பார்த்தீர்கள், அதற்கு மேலே இருப்பதைப் பார்க்கவில்லை. ஆர்ம் (பக்கெட்டைத் தாங்கும் கை) நுனி, பக்கெட் காது (ஆர்மோடு சேரும் துளையுள்ள தகடு), இரண்டையும் கோக்கும் பின்னின் (இரும்பு ஆணி) வெளியே நீட்டும் தலை எல்லாவற்றையும் சேர்த்து டேப் வைத்துப் பாருங்கள். சின்ன வண்டியிலேயே 7, 8 இன்ச் வந்துவிடும். 6 இன்ச் பள்ளத்துக்குள் 8 இன்ச் ஆர்ம் எப்படி இறங்கும்? பக்கெட்டின் உயரம் வரை வெட்டும். அப்புறம் பின் தலையும் கிரீஸ் நிப்பிளும் (கிரீஸ் ஏற்றும் முனை) கரையில் உரசிக்கொண்டு நிற்கும். இதற்கென்றே கழுத்து நீண்ட கேபிள் பக்கெட் செய்கிறார்கள். அது கிடைக்கவில்லை என்றால் 9 இன்ச் எடுங்கள்.

கே: 110 மி.மீ. கழிவுநீர்க் குழாய்க்கு எந்த அகலம்?

18 இன்ச். குழாயின் வெளி விட்டத்தோடு 300 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள், பக்கத்துக்கு 150. குழாயின் இரு பக்கமும் மண் போட்டு இடிக்க அந்த இடம் வேண்டும். 12 இன்ச்சிலும் குழாய் உள்ளே போகும்தான். ஆனால் பக்கத்தில் கையளவு இடம்கூட இல்லாமல் எதை வைத்து இடிப்பீர்கள்? மண் இறுகாத இடத்தில் குழாய் பிறகு தாழும், அங்கே தண்ணீர் தேங்கும்.

கே: 18 இன்ச்சுக்கும் 12 இன்ச்சுக்கும் மண் அளவில் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

100 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் ஆழம் என்று வையுங்கள். 12 இன்ச்சில் சுமார் 27 கன மீட்டர், 18 இன்ச்சில் 41. வெட்டி வெளியே போட்ட மண் இன்னும் கால் பங்கு உப்பும். திரும்ப மூடுவதும் நீங்கள்தான். கேபிளோ சின்னத் தண்ணீர்க் குழாயோ என்றால் 18 இன்ச் வீண் வேலை.

கே: என்னிடம் 3 டன் மினி எக்ஸ்கவேட்டர் இருக்கிறது. பழைய 12 இன்ச் பக்கெட் ஒன்று விலைக்கு வருகிறது, அதுவும் 3 டன் வண்டியினுடையதாம். பொருந்துமா?

மாதம் தவறாமல் வரும் கேள்வி. வண்டி என்ன மாடல் என்றுகூட எழுதவில்லை. "3 டன்" என்பது வண்டியின் எடை ஐயா, பக்கெட்டின் அளவில்லை. காலணி வாங்கப் போய், "என் எடை 70 கிலோ, பொருந்துகிற மாதிரி கொடுங்கள்" என்று யாராவது கேட்பார்களா? ஒரே எடையுள்ள இரண்டு வண்டிகளில் ஒன்றில் பின் 35 மி.மீ. இருக்கும், இன்னொன்றில் 40. சில சமயம் ஒரே கம்பெனியின் பழைய மாடலுக்கும் புதிய மாடலுக்குமே ஒத்துப்போகாது.

எனக்கு நாலு அளவு வேண்டும். முதலில் பின்னின் விட்டம். நடுவில் தேய்ந்த இடத்தில் அளக்காதீர்கள், தேயாத முனையில் வெர்னியர் வைத்து அளங்கள். அடுத்தது ஆர்ம் நுனியின் அகலம். பக்கெட் காதுகளுக்கு உள்ளே உள்ள இடைவெளி அதைவிட 1, 2 மி.மீ. கூடுதலாக இருந்தால் ஷிம் (மெல்லிய வளையத் தகடு) போட்டுச் சரிக்கட்டலாம். 10 மி.மீ. கூடுதல் என்றால் அந்தப் பக்கெட்டை விட்டுவிடுங்கள். மூன்றாவது, லிங்க்கின் (பக்கெட்டைச் சுழற்றும் இணைப்புத் துண்டு) அகலம். இது ஆர்ம் அகலத்தோடு ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பலர் ஒன்றை அளந்துவிட்டு இரண்டுக்கும் அதையே எழுதி அனுப்புகிறார்கள். நாலாவது, எல்லோரும் மறப்பது: இரண்டு பின்களின் (ஆர்ம் பின், லிங்க் பின்) மையத்துக்கு மையம் உள்ள தூரம். துளையின் நடுவைக் கண்ணால் குறி வைக்காதீர்கள். இரண்டு துளைகளின் உள் ஓரங்களுக்கு இடையே அளந்து ஒரு துளை விட்டத்தைக் கூட்டுங்கள். இரண்டும் ஒரே அளவுத் துளையாக இருந்தால் அதுதான் மையத் தூரம்.

இந்த நாலாவது அளவில்தான் நானே ஏமாந்தேன். பல வருடம் முன்னால், "உங்கள் வண்டிக்கு அப்படியே உட்காரும்" என்று ஒருவர் சொன்னதை நம்பி, பார்க்காமலே ஒரு பக்கெட் வாங்கினேன். பின்கள் வெண்ணெய் மாதிரி இறங்கின, எனக்கு ஒரே சந்தோஷம். மையத் தூரம் மட்டும் 15 மி.மீ. குறைவு. அதனால் பக்கெட் சுழலும் கோணம் கூடிவிட்டது. உள்ளே முழுதாக மடக்கும்போதெல்லாம் முதுகு ஆர்மின் அடியில் போய் இடித்திருக்கிறது. இரண்டாம் நாள் கிரீஸ் அடிக்கக் குனிந்தபோதுதான் அங்கே தகடு நசுங்கியிருப்பதைப் பார்த்தேன். தூரம் கூடுதலாக இருந்தால் கதை தலைகீழ்: தோண்டும் விசை கொஞ்சம் கூடும், ஆனால் முழுதாக மடங்காது, மண் வழியில் கொட்டும்.

"துளை பெரிதாக இருந்தால் ஒரு குழாய்த் துண்டை உள்ளே செருகி வெல்டிங் வைக்கலாமா" என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். வைக்காதீர்கள். லேத்தில் முறையாகத் துளையிட்டு புஷ் (துளைக்குள் இறுக்கிச் செருகும் வளையம்) போடுவது வேறு விஷயம். குறுகிய பக்கெட்டில் ஆட்டம் இருந்தால் பள்ளமே நேராக வராது. பின்னில் 1 மி.மீ. ஆட்டம் பல் நுனிக்கு வரும்போது 5, 6 மி.மீ. ஆகிவிடும்.

வாங்கி மாட்டும்போது இன்னொன்று. இதை நூறு முறை எழுதியிருப்பேன்: துளை நேராக வந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்காதீர்கள். பக்கெட் அரை இன்ச் நகர்ந்தால் விரல் போய்விடும். ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.

கே: ஈரக் களிமண். 9 இன்ச் பக்கெட்டில் மண் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. உதறி உதறி அலுத்துவிட்டது.

முதலில் உதறுவதை நிறுத்துங்கள். சிலிண்டரைக் கடைசி வரை ஓட்டி டங் டங் என்று அடித்தால் சிலிண்டரும் பின்னும் வீணாகும். இரண்டு பக்கத் தகடுகளும் கிட்டக் கிட்ட இருப்பதால் களிமண்ணை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் நல்ல பக்கெட்டில் வாய் அகலமாகவும் முதுகுப் பக்கம் குறுகலாகவும் இருக்கும். உங்களுடையதை இரண்டு இடத்திலும் அளந்து பாருங்கள், வித்தியாசமே இல்லை என்றால் குற்றம் அங்கேதான். குழிவு அதிகமுள்ள பக்கெட்டும் களிமண்ணுக்கு ஆகாது. இப்போதைக்கு மெல்லிய சீவலாக வெட்டுங்கள், பாதி நிறைந்ததும் கொட்டுங்கள், அவ்வப்போது உள்ளே தண்ணீர் காட்டுங்கள். முதுகில் ஓட்டை போட்டால் காற்று புகுந்து மண் விடும் என்று சிலர் செய்கிறார்கள். பலன் உண்டு, ஆனால் கட்டிங் எட்ஜ் (மண்ணை வெட்டும் முன் ஓரம்) பக்கம் கட்டர் போகக் கூடாது. களிமண்ணிலேயே தொடர்ந்து வேலை என்றால் பேசாமல் 12 இன்ச்சுக்கு மாறுங்கள். மண் கூடுதலானாலும் நாள் முடிவில் அதுதான் முந்தும்.

கே: இறுகிய சரளை. அகலமானதா, குறுகலானதா?

குறுகல். அதே விசை குறைந்த பற்களில் இறங்குவதால் குத்தி உள்ளே போகும். ஓரப் பற்கள் பக்கத் தகட்டைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் பக்கெட் தான் வெட்டிய பள்ளத்திலேயே சிக்கும். அதற்கும் அசையாத மண்ணை ரிப்பரால் (ஒற்றைக் கொக்கிப் பல்) கிளறிவிட்டு அள்ளுங்கள். ஓரப் பல்லைக் கல்லில் மாட்டி நெம்பாதீர்கள்.

கே: குயிக் ஹிட்ச் (பக்கெட்டைச் சட்டென்று மாற்ற உதவும் இணைப்பான்) போட்டால் விசை குறையுமா?

குறையும். பின்னிலிருந்து பல் நுனி வரை 750 மி.மீ. இருந்தது ஹிட்ச் வந்ததும் 870 ஆனால், ஏழில் ஒரு பங்கு போச்சு. ஹிட்ச்சின் எடை வேறு. ஒரு நாளில் நாலு முறை பக்கெட் மாற்றுபவருக்கு அது பரவாயில்லை. வாரம் முழுக்க ஒரே பக்கெட் என்றால் நேராகப் பின் போடுங்கள். குறுகிய பக்கெட்டில் ஹிட்ச்சின் அகலத்தையும் அளக்க வேண்டும், முதல் பதிலில் சொன்ன அதே காரணம். மாட்டியதும் பாதுகாப்புப் பின்னைக் கண்ணால் பாருங்கள், பக்கெட்டைத் தரையில் அழுத்திப் பாருங்கள், அதற்குப் பிறகு தூக்குங்கள். கீழே யாரும் நிற்கக் கூடாது.

கே: பழைய கேபிள் ஓடும் இடம். பல் உள்ள பக்கெட் போதுமா?

பல் இல்லாதது. முதலில் கேபிள் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள். அதை நெருங்கியதும் வண்டியை நிறுத்திவிட்டு மண்வெட்டியை எடுங்கள்.

கே: 12 இன்ச் பள்ளம், 5 அடி ஆழம். அடியில் ஒரு இணைப்பு மட்டும் செய்ய வேண்டும். ஒல்லியான ஆள் இறங்கலாமா?

இறங்கக் கூடாது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. கரை சரிந்தால் ஒல்லியாவது குண்டாவது, மார்பு வரை மண் ஏறினாலே மூச்சு விட முடியாது. இணைப்பை மேலேயே செய்து குழாயை இறக்குங்கள். முடியாத இடத்தில் அகலமாக வெட்டி, கரைக்கு முட்டுக் கொடுத்து, ஏணி வைத்து இறங்குங்கள். வெட்டிய மண்ணைக் கரையிலிருந்து 2 அடியாவது தள்ளிப் போடுங்கள். இந்தக் கேள்வியை அனுப்பியவர் தயவுசெய்து எனக்கு மறுபடி எழுதி, யாரும் இறங்கவில்லை என்று சொல்லுங்கள்.

கே: பள்ளம் இரண்டு இன்ச் குறைவு. வண்டியைச் சுழற்றி பக்கெட்டின் பக்கத்தால் கரையைத் தள்ளி அகலப்படுத்தலாமா?

வேண்டாம். ஆர்ம் முறுக்கும், புஷ் போகும். வண்டியை இரண்டு இன்ச் தள்ளி நிறுத்தி இன்னொரு முறை வெட்டுங்கள்.