பித்தளை லென்ஸ் வாங்குமுன் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

என்னிடம் நான்குக்கு ஐந்து அங்குல ஃபிலிம் போடும் மோனோரயில் கேமரா (ஒற்றை ரயிலில் நகரும் இரண்டு சட்டங்கள், நடுவே பெல்லோஸ் என்னும் துருத்தி) இருக்கிறது. 150 மி.மீ. எஃப் 5.6 லென்ஸில் எடுத்து வருகிறேன். எல்லாமே கத்திபோல் கூர்மை, முகங்களுக்கு அது ஒட்டவில்லை. பெட்ஸ்வால் என்ற பழங்கால போர்ட்ரெய்ட் லென்ஸில் எடுத்த, பின்னணி சுழன்று நிற்கும் படங்கள்மேல் ரொம்ப நாளாக ஆசை. மாய விளக்கு (அந்தக் காலத்து ஸ்லைடு காட்டும்) புரொஜெக்டரில் இருந்த பித்தளை லென்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. மேலே எழுத்து எதுவும் இல்லை, திறப்பைக் குறைக்கும் அபர்ச்சர் இல்லை, ஷட்டர் இல்லை. ஃபோகல் லெங்த் எட்டு அங்குலம் (சுமார் 200 மி.மீ.) என்கிறார் விற்பவர். வாங்கலாமா? அல்லது காசு சேர்த்து இமாகான், ஏரோ எக்டார் போன்ற லென்ஸ்களுக்குப் போகலாமா? ஐ.எஸ்.ஓ. 400 வேகமுள்ள ஹெச்பி 5 கறுப்பு-வெள்ளை ஃபிலிமும், சில சமயம் பிரிண்ட் பேப்பரும் போடுகிறேன்.

– மதுரையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எட்டு அங்குலம் என்பது உண்மையாக இருந்து, உள்ளே கண்ணாடிகள் சரியான வரிசையில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். பெட்ஸ்வால் என்ற பெயரை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். ஒரே பெட்ஸ்வால் ஒரு கேமராவில் சுழற்றும், இன்னொன்றில் சாதுவாக நிற்கும்.

ஜோசப் பெட்ஸ்வால் 1840இல் கணக்கிட்டு, வியன்னாவில் ஃபோக்ட்லெண்டர் செய்துகொடுத்த லென்ஸின் அபர்ச்சர் சுமார் எஃப் 3.6 (எண் சிறிதானால் திறப்பு பெரிது). வெள்ளித் தகட்டில் படம் எடுத்த டகேரோடைப் காலத்தில் முகத்துக்கு வெளிச்சம் போதவேண்டும், நடுவில் கூர்மை வேண்டும். இந்த இரண்டுக்காக ஓரங்களைக் கைவிட்டார்கள். இன்று நாம் காசு கொடுப்பது அந்தக் கைவிட்ட ஓரங்களுக்குத்தான். ஆகவே அவை உங்கள் ஃபிலிமுக்குள் விழவேண்டும்.

உங்கள் ஃபிலிமின் மூலைவிட்டம் சுமார் 153 மி.மீ. தூரத்துக் காட்சியில் 200 மி.மீ. லென்ஸ் அந்த மூலைவிட்டத்தில் 42 பாகைக் கோணத்தை அடக்குகிறது. 150 மி.மீ. என்றால் 54, 300 மி.மீ. என்றால் 29. பெட்ஸ்வால் ஒழுங்காக வரைவது நடுவிலுள்ள இருபது, இருபத்தைந்து பாகைதான். 300 மி.மீ. பெட்ஸ்வாலைப் பெரும் விலைக்கு வாங்கி நான்குக்கு ஐந்தில் மாட்டினால் ஏறக்குறைய அதன் நல்ல பகுதி மட்டும்தான் ஃபிலிமில் விழும். மென்மையான, அடக்கமான படம் வரும், சுழல் வராது. 150இல் மூலைகள் கறுத்துவிடும். 180 முதல் 210 மி.மீ. வரைதான் உங்களுக்கான இடம்.

பலரும் கவனிக்காத ஒன்று: முகத்தை நெருங்க நெருங்கச் சுழல் குறையும். 200 மி.மீ. லென்ஸில் தலையும் தோளும் நிறைகிற மாதிரி, அதாவது நாலில் ஒரு பங்கு அளவில் எடுத்தால், பெல்லோஸ் 250 மி.மீ. நீளும். கோணம் 34 பாகைக்குச் சுருங்கிவிடும். ஒன்றேமுக்கால் மீட்டர் தள்ளி நின்று இடுப்பு வரை எடுங்கள், கோணம் 37க்கு ஏறும். இன்னும் தள்ளினால் இன்னும் ஏறும். நெருங்கும்போது வெளிச்சக் கணக்கும் மாறும்: பெல்லோஸ் 250க்கு நீண்டால் மூன்றில் இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு).

சுழலில் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது. லென்ஸை முகத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், திறப்பு வட்டமாகத் தெரியும். மெதுவாக அதைச் சாய்த்துப் பாருங்கள், நீண்ட குழலின் இரு முனைகளும் வெட்டி அது பாதாம்பருப்பு வடிவத்துக்கு ஒடுங்கும். ஃபோகஸ் விலகிய ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஓரத்தில் அந்த வடிவத்தில்தான் விழுகிறது, நடுவைச் சுற்றி வரிசைகட்டியபடி. இதோடு ஆஸ்டிக்மாடிசம் என்ற லென்ஸ் குறையும் சேர்ந்து புள்ளிகளை இழுத்துவிடுகிறது. ஆக, பின்னணியில் புள்ளிகள் இருந்தால்தான் சுழல். வேப்பமரத்து இலைகளுக்கு இடையே வானம் தெரிகிறதே, அது உத்தமம். ஆளுக்குப் பின்னால் மூன்றிலிருந்து ஐந்து மீட்டரில் இருக்கட்டும். சுண்ணாம்புச் சுவருக்கு முன் நிறுத்தினால் எந்த லென்ஸும் சுழற்றாது. சுழலின் மையம் லென்ஸின் அச்சில் இருக்கும். முன் ஸ்டாண்டர்டை (லென்ஸைத் தாங்கும் சட்டத்தை) உயர்த்தினால் அந்த மையமும் ஃபிலிமில் மேலே போகும். மோனோரயில் வைத்திருப்பவர் இதைப் பயன்படுத்தாமல் விடக்கூடாது. எஃப் 5.6க்கு மூடினால் சுழல் அடங்கத் தொடங்கும், எஃப் 8இல் ஏறக்குறைய போய்விடும்.

இன்னொரு குணம், ஃபோகஸ் தளம் வளைந்து இருபக்கமும் கேமராவை நோக்கி வரும். மூன்று பேரை நேர்வரிசையில் நிறுத்தினால் ஓரத்து இருவரும் மங்கிப்போவார்கள். அரைவட்டமாக, கேமராவைச் சூழ்ந்தாற்போல் உட்கார வையுங்கள்.

இனி அந்த லென்ஸைச் சோதிப்பது. டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பிரதிபலிப்புகளை எண்ணுங்கள். முன்பகுதியில் பளிச்சென்று இரண்டும் மங்கலாக ஒன்றும் தெரிந்தால் அது ஒட்டிய இரட்டைக் கண்ணாடி. பின்பகுதியில் பளிச்சென்று நான்கு தெரியவேண்டும், அங்கே இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்று. இந்தக் கணக்கு வந்தால் பெட்ஸ்வால் வகை என்று கொள்ளலாம். எல்லா புரொஜெக்டர் லென்ஸும் அப்படி அல்ல.

ஃபோகல் லெங்த்தை விற்பவர் வாயால் கேட்காதீர்கள். கேமராவில் தற்காலிகமாகப் பொருத்தி, தூரத்துக் கோபுரத்துக்கு ஃபோகஸ் செய்து பின் ஸ்டாண்டர்டின் (ஃபிலிம் பக்கச் சட்டத்தின்) இடத்தை ரயிலில் குறியுங்கள். பிறகு லென்ஸுக்கு முன் ஒரு ஸ்கேலை வைத்து, கிரவுண்ட் கிளாஸில் (ஃபோகஸ் பார்க்கும் பின்பக்கக் கண்ணாடியில்) அது சரிபாதி அளவில் விழும்வரை, முன் ஸ்டாண்டர்டை அசைக்காமல், பின்னதையே நகர்த்தி ஃபோகஸ் செய்யுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை இரண்டால் பெருக்கினால் ஃபோகல் லெங்த். அதை முன் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் கிட்டத்தட்ட வந்துவிடும். 200 மி.மீ.க்கு 52 மி.மீ. கண்ணாடி என்றால் எஃப் 3.8.

நடுவில்கூடக் கூர்மை வரவில்லை என்றால் யாரோ துடைக்கக் கழற்றி மாற்றி மாட்டியிருப்பார்கள். பழைய லென்ஸ்களில் இது சர்வசாதாரணம். வழக்கமான அமைப்பில் பின்பகுதியின் உட்புறம் பிறைபோல் வளைந்த ஃபிளின்ட் கண்ணாடி, அடுத்து இடைவளையம், கடைசியில் இருபுறமும் குவிந்த கிரவுன் கண்ணாடி (ஃபிளின்ட், கிரவுன் இரண்டும் கண்ணாடி வகைகள்). டால்மேயர் 1866இல் காப்புரிமை பெற்ற போர்ட்ரெய்ட் லென்ஸில் இந்த வரிசை தலைகீழ். அங்கே கடைசிக் கண்ணாடியைத் திருகித் தளர்த்தினால் படம் மென்மையாகும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கண்ணாடியின் விளிம்பிலும் முன்பக்கம் காட்டும் அம்புக்குறியைப் பென்சிலால் போடுங்கள். கீறல், ஓரத்தில் கண்ணாடிகளை ஒட்டிய பால்சம் பசையின் பழுப்பு, இவற்றுக்குப் பயப்படவேண்டாம். நடுவில் பூஞ்சை வலை பின்னியிருந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஷட்டர்தான் உண்மையான தலைவலி. திறந்த நிழலில் ஐ.எஸ்.ஓ. 400க்கு எஃப் 4 என்றால் 1/800 நொடி வரும். மூடியைக் கையால் கழற்றி மாட்டுகிறவருக்கு ஹெச்பி 5 ஆகாது. பேப்பரை ஐ.எஸ்.ஓ. 6 என்று வைத்தால் அதே நிழலில் 1/12 நொடி. வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்டி ஃபில்டர் நான்கு ஸ்டாப் அளவுக்குப் போட்டால் ஒன்றேகால் நொடி சொச்சம், மூடியிலேயே எடுத்துவிடலாம். காற்றுப் பந்தை அமுக்கும் பேக்கர்ட் ஷட்டர் கிடைத்தால் லென்ஸுக்குப் பின்னால் பொருத்துங்கள். அதன் வேகம் 1/20, 1/25 அளவில் இருக்கும். அப்போதும் ஹெச்பி 5க்கு ஐந்து ஸ்டாப் என்டி வேண்டும். பேப்பர் நீல ஒளிக்குத்தான் அதிகம் மசியும் என்பதால் நம் மாநிறத் தோல் இருப்பதைவிடக் கறுத்து விழும். ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுங்கள், படம் எடுக்குமுன் பேப்பருக்கு லேசாக வெளிச்சம் காட்டிக் (ப்ரீ-ஃபிளாஷ்) கான்ட்ராஸ்டையும் இறக்குங்கள்.

அபர்ச்சர் வேண்டுமென்றால் முன்பகுதியைத் திருகிக் கழற்றி, குழலுக்குள் துளையிட்ட கறுப்பு அட்டை வளையத்தை வைக்கலாம். கணக்கில் வரும் விட்டத்தைவிடத் துளை சற்றுச் சிறிதாக இருக்கவேண்டும், முன் கண்ணாடி அதைப் பெரிதாக்கிக் காட்டும். லென்ஸுக்கு வெளியே முன்னால் வைத்தால் மூலைகள்தான் கறுக்கும்.

இமாகான் முற்றிலும் வேறு ருசி. ஹைன்ரிஷ் கூனின் யோசனையில் பிறந்து ரோடன்ஷ்டாக் செய்தது; சுழல் கிடையாது, கூர்மையான உருவத்தின்மேல் ஒளி கசிந்து படரும். நடுவில் பெரிய துளை, சுற்றிலும் திறந்து மூடும் சிறு துளைகள் கொண்ட தட்டுகளை மாற்றி மென்மையைக் கூட்டலாம், குறைக்கலாம். படம் எடுக்கப்போகும் தட்டைப் போட்டபடியேதான் ஃபோகஸ் செய்யவேண்டும். தட்டை மாற்றினால் ஃபோகஸும் நகரும். வாங்கும்போது தட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள், தட்டில்லாத இமாகானுக்கு முழு விலை கொடுப்பது வீண். பக்கவாட்டு வெயில் போன்ற அழுத்தமான ஒளியில் அது மின்னும், மேகமூட்டத்தில் வெறும் மங்கலாக இருக்கும். 

இந்த ருசி உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்கச் செலவில்லாத வழி உண்டு. பிளஸ் 4 குளோஸ்-அப் ஃபில்டர் என்பது 250 மி.மீ. ஒற்றை லென்ஸ்தான். குழிந்த பக்கம் வெளியே பார்க்கும்படி போர்டில் ஒட்டி, முன்னால் துளை அட்டை வையுங்கள். நீல ஒளி கண்ணுக்குத் தெரியும் ஃபோகஸைவிட லென்ஸுக்கு அருகில் குவியும்; ஆகவே பேப்பரில் எடுப்பதானால் ஃபோகஸ் செய்தபின் பின் ஸ்டாண்டர்டை லென்ஸை நோக்கி சுமார் 4 மி.மீ. தள்ளவேண்டும். 

ஏரோ எக்டார் உங்கள் கேமராவுக்கு வேண்டாம் என்பேன். இரண்டாம் உலகப் போரில் வான்படம் எடுக்கச் செய்த 178 மி.மீ. எஃப் 2.5 லென்ஸ் அது. தனக்கென்று ஷட்டர் இல்லை. ஃபிலிமுக்கு முன்னாலேயே ஓடும் ஃபோகல் பிளேன் ஷட்டர் உள்ள ஸ்பீடு கிராஃபிக் கேமராவில்தான் அதற்கு வாழ்வு. ஒன்றரை மீட்டரில் கூர்மையின் ஆழம் சுமார் 3 செ.மீ. ஃபிலிம் ஹோல்டரைச் செருகி அதன் மூடியான டார்க் ஸ்லைடை உருவுவதற்குள் உட்கார்ந்திருப்பவர் மூச்சு விட்டாலே போச்சு. தோரியம் கலந்த கண்ணாடி காலப்போக்கில் பழுப்பாகும், சில நாள் புற ஊதா விளக்கில் வைத்தால் தெளியும். கதிரியக்கம் உண்டு என்பதால் ஃபிலிம் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்.

மாய விளக்கு லென்ஸ் வந்ததும் நேராக லேத் பட்டறைக்குப் போங்கள். பழைய மரைகள் இன்றைய அளவுகளுக்கு ஒத்துவராது, பித்தளையிலோ அலுமினியத்திலோ லென்ஸைப் போர்டில் பிடிக்கும் ஃபிளான்ஜ் வளையத்தைப் புதிதாகக் கடைந்துதான் ஆகவேண்டும். ஃபோகஸ் செய்யும் ரேக் (பல்வரிசை) உள்ள வெளிக்குழலைக் கழற்றிவிட்டு உட்குழலை மட்டும் மாட்டினால் எடை குறையும். உங்களிடம்தான் பெல்லோஸ் இருக்கிறதே. அப்படியும் முன் ஸ்டாண்டர்ட் தலைகுனிந்தால் ரயிலுக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுங்கள்.

அன்புடன்.