மழலையர் பள்ளி ஆசிரியர்கள் குழந்தைகளை வெளியே விளையாட விடத் தயங்குவது ஏன்?

வெளியில் விளையாடுவது நல்லது என்று சொல்லும் ஆசிரியர்களே ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கறைக் குறைவு அல்ல, பெரும்பாலும் பயம்தான். முழங்கால் சிராய்ந்தால் யாருக்குப் பதில் சொல்வது என்ற கவலை, ஆள் பற்றாக்குறை, சேறு படிந்த சட்டையைப் பார்த்து முகம் சுளிக்கும் பெற்றோர்: எல்லாம் சேர்ந்து கதவைச் சாத்திவிடுகின்றன.

வகுப்பறையில் நடப்பதுதான் கல்வி, வெளியே போவது வெறும் இடைவேளை என்ற எண்ணமும் உண்டு. இத்தனைக்கும், 1840இல் மழலையர் பள்ளிக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் 'கிண்டர்கார்டன்' என்ற பெயரை வைத்த ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரெட்ரிக் ஃபிரோபெல், பிள்ளைகளுக்கு மண்ணில் பாத்தி ஒதுக்கித் தந்தவர். 3, 4 வயதுக் குழந்தைகள் நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் பரிந்துரைத்தது.

மரக்கட்டை மேல் நடக்கும் குழந்தையைக் கவனியுங்கள். ஒரு காலை வைத்துப் பார்க்கும். கட்டை ஆடினால் பின்வாங்கும். கைகளை விரித்து மறுபடி முயலும். அப்போது "ஏறாதே, விழுந்துவிடுவாய்" என்பவரும், "அடுத்த காலை எங்கே வைக்கப் போகிறாய்?" என்பவரும் ஒரே பயிற்சி பெற்றவர்களாக இருக்கலாம். சிறு காயத்துக்கெல்லாம் ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாத நிர்வாகம்தான், என் பார்வையில், இரண்டாமவரை உருவாக்குகிறது.