கல்லூரியில் வெளிநாட்டு வனவிலங்குக் களப்பயணத்துக்கு அழைக்கிறார்கள். கடன் வாங்கிப் போகலாமா?

கடன் வாங்கும் அளவுக்கு அவசியமில்லை என்பதுதான் என் பதில். முதுகலை விலங்கியல் படித்தபோது மலேசியாவின் சபா மாநிலத்துக்கு, கினபாத்தாங்கான் ஆற்றங்கரைக்கு, இப்படியொரு பயணம் போனேன். போனதில் வருத்தமில்லை, கட்டிய தொகையை நினைத்தால்தான் கொஞ்சம் எரிச்சல்.

விலங்குகள் விஷயத்தில் குறையே சொல்ல முடியாது. பொழுது சாயும் நேரத்தில், நீள மூக்குக்குப் பேர்போன புரோபோசிஸ் குரங்குகள் தூங்குவதற்கு ஆற்றோர மரங்களுக்கு வந்துவிடும். படகில் இருந்தபடியே ஆண், பெண், குட்டி என்று எண்ணிக் குறிக்கலாம். கணக்கெடுப்பும் அப்படித்தான் நடக்கிறது. ஆண் குரங்கு திரும்பி உட்காரும்போது தொங்கும் மூக்கு வாயையே மறைக்கும். சபா இருக்கும் போர்னியோ தீவில் உள்ள எட்டு வகை இருவாச்சிகளும் (பெரிய அலகுள்ள பறவைகள்) அந்தப் பகுதியில் உண்டு.

சரி, இவ்வளவும் ஏன் இத்தனை எளிதாகக் கண்ணில் படுகின்றன? பல இடங்களில் கரையோரம் இருப்பது ஒடுங்கிய பட்டைக் காடு. அதற்குப் பின்னால் பாமாயில் பனைத் தோட்டம். மரங்களின் சந்து வழியே பனை வரிசை தெரியும். ஒதுங்க வேறு இடம் இல்லாமல்தான் எல்லாம் ஆற்றங்கரையில் நெருக்கியடித்து நிற்கின்றன. 2005இல் சரணாலயமாக அறிவித்த சுமார் 26,000 ஹெக்டேரும் ஒரே காடாக இல்லை, துண்டு துண்டாகக் கிடக்கிறது. எங்களுக்குக் கொடுத்த விளம்பரத் தாளில் 'அடர்ந்த மழைக்காடு' என்று மட்டும்தான் போட்டிருந்தது.

நான் உருப்படியாகக் கற்றது ஒரு கிளையாற்றுக்குக் குறுக்கே கட்டியிருந்த பாலத்தைப் பார்த்துத்தான். பழைய தீயணைப்புக் குழாய்களை இணைத்து இரு கரை மரங்களிலும் கட்டியிருந்தார்கள். ஒராங்குட்டான் நீந்தாது. முன்பு பெரிய மரங்களின் கிளைகள் ஆற்றுக்கு மேலே கைகோத்து நிற்கும், அது அப்படியே கடந்துவிடும். அந்த மரங்களை வெட்டி விற்றாகிவிட்டது, அதனால் குழாய். சுகாவ் கிராமத்தில் 1998 முதல் வேலை செய்யும் ஹூட்டான் என்ற அமைப்பு உள்ளூர் ஆட்களையே களப்பணியாளர்களாக வைத்து இதையெல்லாம் செய்கிறது.

எங்கள் ஏற்பாட்டாளர் வேறு ரகம். எங்களை மரக்கன்று நட வைத்துப் படம் எடுத்தார். நடுவது பெரிய வேலையே இல்லை. அதன்பின் மாதக்கணக்கில் புல்லையும் கொடியையும் அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கன்று மூடிப்போகும். வெள்ளம் வந்தால் அழுகவும் செய்யும். அந்த வேலையைச் செய்வது கிராமத்துப் பெண்கள். நாங்கள் கட்டிய பணத்தில் அவர்களுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டேன். பேச்சு மதியச் சாப்பாட்டுக்குத் தாவிவிட்டது.

யானைக் கூட்டம் வந்த அன்று இன்னும் மோசம். ஏற்கெனவே ஏழெட்டுப் படகுகள் சூழ்ந்து நின்றன. எங்கள் படகோட்டி தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டார். "பிள்ளைகள் பணம் கட்டி வந்திருக்கிறார்கள், கிட்டப் போ" என்றார் ஏற்பாட்டாளர். படகோட்டி அசையவில்லை. அந்தப் பயணத்தில் வனவிலங்குப் பாதுகாப்புப் பாடம் நடத்தியது அவர்தான்.

எனவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: நீங்கள் எடுக்கும் விலங்குக் கணக்கு யாருக்குப் போகும், அதை வைத்து என்ன செய்வார்கள், நீங்கள் கிளம்பிய பிறகு அங்கே வேலையைத் தொடர்வது யார். நேரான பதில் வந்தால், வீட்டிலும் சிரமம் இல்லையென்றால், போய் வாருங்கள். கோலாலம்பூரில் முத்திரை குத்தியிருந்தாலும் சபாவில் இறங்கும்போது மறுபடி பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

கடன்தான் வழி என்றால் முதலில் வால்பாறையைப் பாருங்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டாகிப்போன மழைக்காடு, அதை மீட்கும் நடவு, புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் கட்டிய பாலங்கள் என்று நான் கடல் கடந்து பார்த்த விஷயம் அங்கேயும் இருக்கிறது. அட்டைக்கடியும் அதே அளவுதான், நல்ல காலுறையாக வாங்கிக்கொள்ளுங்கள்.